ஃபெனிக்ஸ் எக்ஸை ஊட்டிக்கு ஏற்றுவது

மலையில் இருக்கும் ஒரு கல்லூரி லேபில் ஃபெனிக்ஸ் எக்ஸ் போடுவதும் கோவையில் போடுவதும் ஒன்றல்ல. மென்பொருள் அதேதான், கம்ப்யூட்டரும் அதே மாதிரிதான். ஆனால் ஆடிக் காற்றில் ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்தால் இங்கே கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். அந்த ஒரு வித்தியாசத்தால் நிறுவும் முறையையே மாற்ற வேண்டியிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், பேக்கேஜ்களைத் தேர்ந்து கட்டுகிற வேலையை நல்ல லைன் உள்ள இடத்தில் ஒரே தடவை முடித்துவிட்டு, கட்டியதை அப்படியே மேலே கொண்டுவர வேண்டும். லேபில் இருக்கும் பத்து மெஷினும் தனித்தனியாக நெட்டில் தேடிக் கொண்டிருக்கக் கூடாது.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஃபெனிக்ஸ் எக்ஸ் என்பது வெப்பம், விறைப்பு, பாய்மம் போன்றவற்றின் சமன்பாடுகளை ஃபைனைட் எலிமென்ட் முறையில், அதாவது பொருளைச் சிறு துண்டுகளாக்கி, தீர்க்கும் கருவி. நாம் எழுதுவது பைத்தான். அதற்கு அடியில் டால்ஃபின் எக்ஸ் என்ற சி பிளஸ் பிளஸ் நூலகம், அதற்கும் அடியில் சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்க பெட்ஸி, பல கோர்களுக்கு வேலையைப் பிரிக்க எம்பிஐ, கோப்பு எழுத எச்டிஎஃப் 5. இது போதாதென்று, நீங்கள் எழுதும் ஒவ்வொரு சமன்பாட்டையும் ஓடும் நேரத்திலேயே சி நிரலாக மாற்றி கம்பைல் செய்யும் ஒரு பகுதியும் உண்டு. அதாவது நிறுவி முடித்த பிறகும் கம்பைலர் தேவை. இவ்வளவும் ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளாக இருக்க வேண்டும். பைத்தானின் வழக்கமான நிறுவல் கருவியான பிப் மட்டும் வைத்து இதைச் செய்ய முயல்வது வீண் வேலை. பிப் வழியாகப் பெட்ஸி மூலநிரலாகத்தான் வரும், உங்கள் மெஷினில் கம்பைல் ஆகத் தொடங்கும், பாதியில் ஏதாவது ஒன்று இல்லை என்று நிற்கக்கூடும்.

அதற்கு முன்பே இன்னொரு சுவர் இருக்கிறது. உபுண்டு 23.04 முதலும் டெபியன் 12 முதலும், சிஸ்டத்தோடு வரும் பைத்தானில் பிப் கொண்டு எதையாவது போட்டால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்’ என்று மறுத்துவிடும். நிறையப் பேர் அந்தச் செய்தியின் கடைசிப் பகுதியில் இருக்கும் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற விருப்பத்தைப் பார்த்து அதையே சேர்த்து அடித்துவிடுகிறார்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. உபுண்டுவின் அப்டேட் மேனேஜர் உட்படப் பல சிஸ்டம் கருவிகள் அந்தப் பைத்தானில்தான் ஓடுகின்றன. அதற்குள் வேறு பதிப்பு நம்பையோ (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) வேறு நூலகமோ நுழைந்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த அப்டேட்டில் வம்பு வரும். சிஸ்டம் பைத்தானை உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏப்ட்டிடமே விட்டுவிடுங்கள்.

நமக்குத் தேவை காண்டா: பைத்தான் அல்லாத நூலகங்களையும் சேர்த்து, பொருந்தும் பதிப்புகளாகத் தனிச் சூழலில் போடும் கருவி. அதற்கு மினிஃபோர்ஜ் என்ற தொகுப்பைப் போடுங்கள். அது தொடக்கத்திலிருந்தே காண்டா-ஃபோர்ஜ் சேனலை (பேக்கேஜ் கிடங்கு) மட்டும் பார்க்கும், ரூட் பாஸ்வேர்டு கேட்காது, ஹோம் ஃபோல்டரிலேயே உட்காரும். இன்னொரு தொகுப்பான அனகோண்டாவைத் தவிர்ப்பதற்கு, அதன் டிஃபால்ட்ஸ் சேனலில் 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டண விதி உண்டு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இரண்டு சேனல்களின் நூலகங்கள் ஒரே சூழலில் கலந்தால் ‘அன்டிஃபைண்ட் சிம்பல்’ என்று வரும் பிழைகள். அவற்றை அவிழ்க்கப் போனால் ஒரு நாள் போய்விடும். ஏற்கெனவே அனகோண்டா இருக்கும் மெஷின் என்றால் சேனல் பிரையாரிட்டியை ஸ்ட்ரிக்ட் என்று வைத்து, டிஃபால்ட்ஸைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பேஸ் சூழலில் எதையும் போடாதீர்கள். வேலைக்கு ஒரு தனிச் சூழல், அதற்கு ஒரு பெயர்: காண்டா கிரியேட், மைனஸ் என் மண், பைத்தான்=3.12, ஃபெனிக்ஸ்-டால்ஃபின்எக்ஸ்=0.9, எம்பிச். (மண் என்பது இந்தச் சூழலின் பெயர், எம்பிச் என்பது எம்பிஐயின் ஒரு வகை.) இந்த டால்ஃபினுக்கு விலங்கின் எழுத்துக்கூட்டல் கிடையாது, நடுவில் பி-எச் போடாமல் எஃப் போட வேண்டும். வெறும் ‘ஃபெனிக்ஸ்’ என்று கேட்டால் 2019-ஆம் ஆண்டின் பழைய தலைமுறை வந்து இறங்கும். அதில் இறக்குமதி செய்வது டால்ஃபின், எக்ஸ் இல்லை, இன்றைய நிரல் எதுவும் அதில் ஓடாது. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் கேட்பது முக்கியம். ஒவ்வொன்றாகப் போட்டால் ஒவ்வொரு தடவையும் பொருந்தும் பதிப்புகள் புதிதாகத் தேடப்படும், முன்பு போட்டதைக் கீழிறக்கவும் கூடும். காண்டா 23.10 முதல் லிப்மாம்பா சால்வர்தான் இயல்புநிலை, எனவே தேடுவது இப்போது பெரிய காத்திருப்பு இல்லை. பழைய காண்டா வைத்துக்கொண்டு ‘சால்விங் என்விரான்மென்ட்’ சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று புலம்புபவர்கள் முதலில் காண்டாவைப் புதுப்பிக்கட்டும்.

பதிப்பு எண்ணை ஏன் கட்டிப்போட வேண்டும் என்றால், டால்ஃபின் எக்ஸ் இன்னும் 1.0 பதிப்பைத் தொடவில்லை, பதிப்புக்குப் பதிப்பு பெயர்கள் மாறுகின்றன. பழைய பாடங்களில் பெரிய எழுத்தில் தொடங்கும் ஃபங்ஷன்ஸ்பேஸ் இப்போது முழுக்கச் சிறிய எழுத்தில். மாணவர் காப்பி அடித்த நிரல் ஓடவில்லை என்றால் பத்தில் எட்டுக்கு நிறுவலில் குற்றம் இருக்காது, பாடம் வேறு பதிப்புக்கு எழுதப்பட்டிருக்கும்.

ஒலி, மின்காந்த அலை போன்றவற்றுக்குக் கலப்பெண் வேண்டுமென்றால் பெட்ஸியின் கலப்பெண் கட்டமைப்பைத் தனியாகக் கேட்க வேண்டும்: பெட்ஸி=*=காம்ப்ளெக்ஸ்*. உடுக்குறி இருப்பதால் இதை மேற்கோளுக்குள் அடியுங்கள், இல்லையென்றால் ஷெல் அதைக் கோப்புப் பெயராகப் படிக்கக்கூடும். மெய்யெண் சூழலும் கலப்பெண் சூழலும் தனித்தனியாகவே இருக்கட்டும்.

படம் பார்க்கப் பைவிஸ்டா கேட்டால் விடிகேயும் அதன் வரைகலை நூலகங்களும் பின்னாலேயே வரும், பாரம் கூடும். லேப் மெஷின் எல்லாவற்றிலும் அது தேவையில்லை. முடிவைக் கோப்பாக எழுதி ஒரே ஒரு மெஷினில் பாராவியூ வைத்துப் பார்த்தால் போதும்.

இனி மலைப் பகுதிக்கான அமைப்புகள். நெட்டிலேயே இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றால் காண்டாவின் அமைப்புக் கோப்பில் மூன்று எண்களை மாற்றுங்கள். ரிமோட் ரீட் டைம்அவுட் இயல்பாக 60 விநாடி, அதை 300 ஆக்குங்கள். மறுமுயற்சி இயல்பாக 3, அதை 10. ஃபெட்ச் திரெட்ஸ் இயல்பாக 5, அதை 1. கடைசியது பலருக்குத் தெரியாது. மெலிந்த லைனில் ஐந்து கோப்புகள் போட்டி போட்டு இறங்கும்போது ஐந்துமே பாதியில் நிற்கும். ஒன்றொன்றாக இறங்கினால், கரண்ட் போகும் நேரத்தில் முடிந்தவையாவது கையில் இருக்கும். முழுதாக இறங்கிய பேக்கேஜ்கள் பிகேஜிஎஸ் ஃபோல்டரில் தங்கும், அடுத்த தடவை அவற்றை மறுபடி இறக்காது. ‘டவுன்லோட் ஒன்லி’ என்ற விருப்பத்தோடு முதலில் இறக்கி மட்டும் வையுங்கள், நிறுவுவதைப் பிறகு செய்யுங்கள். பாதியில் அறுந்த கோப்பு கெட்டுப்போய், ‘செக்சம் மிஸ்மேட்ச்’ என்று திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். காண்டா கிளீன் போட்டு எல்லாவற்றையும் துடைத்தால் இரண்டு நாள் இறக்கியது போய்விடும்.

ஆனால் சரியான வழி, யாராவது மேட்டுப்பாளையம் இறங்கும் நாளில் கீழேயே கட்டிவிடுவதுதான். கீழே இருக்கும் மெஷினும் லினக்ஸாக, அதே சிப் வகையாக இருக்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப் என்றால் அதில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) வைத்துக் கட்டுங்கள், கோப்புகளை லினக்ஸின் ஹோமுக்குள் வையுங்கள், சி டிரைவில் வைத்தால் நத்தை வேகம்தான். மேலே உள்ள மெஷின் ரொம்பப் பழைய உபுண்டுவா என்று முன்கூட்டியே பாருங்கள். எல்டிடி, இரட்டைக் கோடு வெர்ஷன் என்று அடித்தால் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) எண் வரும். கீழே புதியதற்குக் கட்டியது மேலே பழையதில் ஓடாமல் போகலாம்.

ஒரே மெஷினுக்கு என்றால் காண்டா-பேக். சூழலை ஒரே டார் கோப்பாகக் கட்டித் தரும். மேலே வந்து ஒரு ஃபோல்டருக்குள் பிரித்து, உள்ளே இருக்கும் ஆக்டிவேட் கோப்பை சோர்ஸ் செய்து, காண்டா-அன்பேக் என்பதை ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும். பழைய இடத்தின் பாதைப் பெயர்கள் கோப்புகளுக்குள் பொதிந்திருக்கும், அவற்றைப் புதிய இடத்துக்கு மாற்றுவது இந்தக் கட்டளைதான். இதை மறந்தவர்களுக்குப் பைத்தான் ஓடும், மற்ற சில கருவிகள் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று கீழே இருந்த மெஷினின் யூசர் பெயரோடு திட்டும். சூழலுக்குள் பிப் கொண்டு காண்டாவின் கோப்புகளை மேலெழுதியிருந்தால் காண்டா-பேக் கட்டவே மறுக்கும். அது நல்லதற்குத்தான்.

பத்து மெஷின் என்றால் பேக்கேஜ்களாகவே கொண்டுவருவது மேல். கீழே சூழலைக் கட்டி முடித்ததும் காண்டா லிஸ்ட், இரட்டைக் கோடு எக்ஸ்ப்ளிசிட், இரட்டைக் கோடு எம்டி5 என்று ஓட்டி வெளியீட்டை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சேமியுங்கள். ஒவ்வொரு பேக்கேஜின் முழு முகவரியும் அதில் வரிவரியாக இருக்கும். பிறகு பிகேஜிஎஸ் ஃபோல்டரிலிருந்து டாட் காண்டா, டாட் டார் டாட் பிஇசட்2 என்று முடியும் கோப்புகளையும் யூஆர்எல்ஸ் டெக்ஸ்ட் கோப்பையும் மட்டும் பென் டிரைவில் எடுங்கள். பிரித்து வைத்த ஃபோல்டர்களைச் சேர்த்து எடுக்கத் தேவையில்லை. அவற்றில் சிம்பாலிக் லிங்குகள் உண்டு, எக்ஸ்ஃபேட் பென் டிரைவ் அவற்றை ஏற்காது. டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நுழையாது, காண்டா-பேக் செய்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். மேலே ஒவ்வொரு மெஷினிலும் மினிஃபோர்ஜ் போட்டு, இந்தக் கோப்புகளை அதன் பிகேஜிஎஸ் ஃபோல்டரில் கொட்டி, அந்த டெக்ஸ்ட் கோப்பைக் கொடுத்து ஆஃப்லைன் விருப்பத்தோடு காண்டா கிரியேட் ஓட்டினால் சால்வர் தேடவே தேடாது, பட்டியலில் உள்ளதை அப்படியே போடும். பத்து மெஷினிலும் ஒரே பதிப்பு. மாணவர் ஒருவருக்கு வேறு விடை வந்தால் காரணம் அவர் நிரலில்தான் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பிகேஜிஎஸ் ஃபோல்டரும் சூழலும் ஒரே பார்ட்டிஷனில் இருக்கட்டும். அப்போது காண்டா ஹார்ட் லிங்க் போடும், இடம் மிச்சம். வேறு வேறு பார்ட்டிஷன் என்றால் எல்லாம் இரண்டு பிரதி.

நிறுவியாயிற்று, இறக்குமதியும் பிழையில்லாமல் வந்தது. இங்கேதான் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது.

முதலில் நம்பை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பைத்தானில் நம்பையை இறக்குமதி செய்து அதன் கோப்பு முகவரியை அச்சிடுங்கள். சூழலின் ஃபோல்டர் வந்தால் சரி. ஹோமுக்குள் டாட் லோக்கல் என்று தொடங்கும் முகவரி வந்தால், எப்போதோ யாரோ பிப் யூசர் விருப்பத்தோடு போட்ட பழைய நம்பை உங்கள் சூழலுக்கு முன்னால் வந்து நிற்கிறது என்று பொருள். காண்டா லிஸ்ட் ஒரு பதிப்பு சொல்லும், ஓடுவது வேறு பதிப்பாக இருக்கும். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்ததிலிருந்து இது அடிக்கடி வெடிக்கிறது: ‘நம்பை 1-க்குக் கம்பைல் செய்த மாட்யூல் 2-ல் ஓடாது’ என்று நீண்ட எச்சரிக்கை வரும். பைத்தான் நோ யூசர் சைட் என்ற சூழல் மாறிக்கு 1 கொடுங்கள், பைத்தான் பாத் என்ற மாறியை வெறுமையாக்குங்கள். எல்டி லைப்ரரி பாத்தையும் அப்படியே. வேறொரு மென்பொருள் அதை நிரப்பி வைத்திருந்தால் பழைய சி பிளஸ் பிளஸ் நூலகம் முந்திக்கொண்டு ஏறும்.

சூழலுக்குள் பிப் கொண்டு எச்5பை போடுவதும் இதே வகை வம்பு. பிப்பின் எச்5பை தனக்கென ஒரு எச்டிஎஃப் 5-ஐச் சுமந்து வரும், டால்ஃபின் எக்ஸ் வேறொன்றோடு இணைந்திருக்கும். ஒரே நிரலில் இரண்டும் ஏறினால் பதிப்பு பொருந்தவில்லை என்று நிரல் செத்து விழும். சூழலில் எது வேண்டுமானாலும் முதலில் காண்டா-ஃபோர்ஜில் தேடுங்கள். அங்கே இல்லாத, முழுக்கப் பைத்தானிலேயே எழுதிய சின்னப் பேக்கேஜ்களுக்கு மட்டும் பிப்.

அடுத்தது எம்பிஐ. இதற்கு இரண்டு வரி நிரல் போதும்: எம்பிஐ4பையை (பைத்தானுக்கான எம்பிஐ) இறக்குமதி செய், தன் ரேங்க்கையும் (வரிசை எண்) மொத்த எண்ணிக்கையையும் அச்சிடு. எம்பிஐரன் மைனஸ் என் 4 என்று ஓட்டுங்கள். ‘4-ல் 0, 4-ல் 2, 4-ல் 1, 4-ல் 3’ என்று ஏதோ ஒரு வரிசையில் வந்தால் நல்லது. ‘1-ல் 0’ என்று நாலு தடவை வந்தால் பிழைச் செய்தியே இல்லாமல் ஏமாறுகிறீர்கள். நாலு பேர் (நாலு பிராசஸ்) சேர்ந்து ஒரு வேலையைச் செய்யவில்லை, நாலு பேரும் முழு வேலையைத் தனித்தனியாகச் செய்கிறார்கள், ஒரே கோப்பில் ஒருவர் மேல் ஒருவர் எழுதுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எம்பிஐரன் உபுண்டுவின் ஓப்பன் எம்பிஐயிலிருந்து வருகிறது, நூலகம் சூழலின் எம்பிச்சிலிருந்து. விச் எம்பிஐரன் என்று அடித்துப் பார்த்தால் யூஎஸ்ஆர் பின் என்று காட்டும். சூழலை மறுபடி ஆக்டிவேட் செய்யுங்கள். எம்பிஐ4பையைப் பிப்பில் போட்டிருந்தால் எடுத்துவிட்டுக் காண்டாவில் போடுங்கள்.

கூடவே ஓஎம்பி நம் திரெட்ஸ் என்ற மாறிக்கு 1 கொடுங்கள். இல்லையென்றால் எம்பிஐ பிரித்த நாலு பேரும் ஆளுக்கு எட்டுத் திரெட் தொடங்கி, எட்டுக் கோர் மெஷினில் 32 திரெட் முட்டி மோதும். நாலு பேர் ஓடுவது ஒருவர் ஓடுவதைவிட மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கு இதுதான் பாதிக் காரணம்.

கடைசிச் சோதனை விடை சரியா என்பது. கையால் கணக்குப் போட முடிந்த ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். நீலகிரிக்கு உறைபனி நாளின் மண் பொருத்தமான கேள்வி. ஒரு மீட்டர் ஆழ மண்ணை 100 துண்டாக்குங்கள். மேற்பரப்பு வெப்பம் 10 டிகிரியைச் சுற்றி மேலும் கீழும் 10 டிகிரி ஆடட்டும்: விடியற்காலை 6 மணிக்கு 0, மாலை 6 மணிக்கு 20. அடிப்பக்கம் வெப்பம் புகாதது. தொடக்கத்தில் எங்கும் 10 டிகிரி. வெப்பப் பரவுகை எண் விநாடிக்கு 0.0000005 சதுர மீட்டர் என்று வையுங்கள். காலத் துண்டு 300 விநாடி, ஒரு நாளுக்கு 288, பத்து நாள் ஓட்டிக் கடைசி நாளை மட்டும் பாருங்கள்.

விடை தெரிந்ததே. பரவுகை எண்ணின் இரு மடங்கை நாளின் கோண வேகத்தால், அதாவது 0.0000727-ஆல், வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.117 மீட்டர். ஆழம் இவ்வளவு கூடும்போதெல்லாம் ஆட்டம் 37 சதவீதமாகக் குறையும். துண்டு ஒரு சென்டிமீட்டர் என்பதால் 12 சென்டிமீட்டரில் சரியாக ஒரு கணு (துண்டுகள் சேரும் புள்ளி) இருக்கும். அங்கே ஆட்டம் 10-க்குப் பதில் ஏறத்தாழ 3.6 டிகிரி வர வேண்டும், வெப்பம் 6.4-க்கும் 13.6-க்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்த வெப்பம் வரும் நேரமும் பிந்தும்: மேலே 6 மணி, அங்கே கிட்டத்தட்ட 9 மணி 54 நிமிடம். மேலே உருளைக்கிழங்கு இலை கருகிப் போன காலையிலும் கீழே கிழங்குக்கு ஒன்றும் ஆகாததன் கணக்கு இது. (மண்ணின் ஈரம் உறைவது, இரவில் வெப்பம் வானுக்குக் கதிராகப் போவது எதுவும் இதில் இல்லை. நிறுவலைச் சோதிக்க இவ்வளவு போதும், பயிரைக் காக்கப் போதாது.)

3.5-க்கும் 3.7-க்கும் இடையே வந்தால் நிறுவல் நல்லது. ஒரு கோரில் வந்த எண்ணும் நாலு கோரில் வந்த எண்ணும் பல தசம இடங்களுக்கு ஒத்துப்போக வேண்டும். நாலு கோரில் ஓட்டும்போது அந்த 12 சென்டிமீட்டர்க் கணு எல்லோரிடமும் இருக்காது. யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் அச்சிடும்படி எழுதுங்கள், இல்லையென்றால் வெறும் பட்டியலில் முதல் எண்ணைக் கேட்டுப் பிழை வரும். நேரடித் தீர்வு முறையான எல்யூவைப் பல கோரில் கேட்டால் பெட்ஸியின் சொந்த எல்யூ அதற்கு வராது, ‘சால்வர் டைப் கிடைக்கவில்லை’ என்று நிற்கும். பல கோரில் ஓடும் மம்ப்ஸ் என்ற தீர்வியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முதல் ஓட்டம் தொடங்கத் தாமதமாகும், அது கம்பைலர் வேலை. தொடக்கத்தில் மட்டும் இல்லாமல் ஒவ்வொரு காலத் துண்டிலும் அதே தாமதம் இருந்தால், நிரலில் மாறிக்கொண்டிருக்கும் ஒரு எண்ணைச் சமன்பாட்டுக்குள் வெறும் பைத்தான் எண்ணாகப் போட்டிருக்கிறீர்கள். எண் மாறும் ஒவ்வொரு தடவையும் சமன்பாடே புதிது என்று நினைத்து அது மறுபடி கம்பைல் செய்யும். ஹோமுக்குள் டாட் கேஷ், அதற்குள் ஃபெனிக்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், ஆயிரக்கணக்கில் கோப்பு குவிந்திருக்கும். கான்ஸ்டன்ட் என்ற பொருளாக அறிவித்து அதன் மதிப்பை மட்டும் மாற்றினால் ஒரே கம்பைலோடு முடியும். பதிப்பு மாற்றிய பின் புரியாத பிழைகள் வந்தாலும் இதே ஃபோல்டரை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

நீண்ட ஓட்டங்களுக்கு யூபிஎஸ்ஸை நம்பாதீர்கள், அதன் பேட்டரி தாங்குவதைவிடப் பெரிய கரண்ட் கட் ஐப்பசி மழையில் சாதாரணம். குறிப்பிட்ட துண்டுகளுக்கு ஒரு தடவை விடை வரிசையையும் துண்டு எண்ணையும் நம்பை கோப்பாக எழுதுங்கள். நேராகப் பழைய கோப்பின் மேல் எழுத வேண்டாம், எழுதும் நடுவில் கரண்ட் போனால் பழையதும் போகும், புதியதும் இருக்காது. வேறு பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பெயர் மாற்றுங்கள். பல கோர் என்றால் ரேங்க்குக்கு ஒரு கோப்பு, மறுபடி தொடங்கும்போதும் அதே எண்ணிக்கை கோர். எண்ணிக்கை மாறினால் கணுக்களின் பங்கீடும் மாறும், எந்த எண் எந்த ஆழத்துக்கு என்பதே குழம்பிவிடும்.